லிஸ்பன்: கவுண்டரில் நின்று சாப்பிடுங்கள்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் நன்றாகச் சாப்பிடப் பெரிய பட்ஜெட் வேண்டாம். எந்த நேரத்துக்குப் போகிறோம், எங்கே நிற்கிறோம் என்பதுதான் முக்கியம். பல கடைகளில் ஒரே காபிக்குக் கவுண்டரில் ஒரு விலை, வெளியே குடைக்கடியில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. 'ஊமா பீக்கா' என்று கேட்டால் சின்னக் கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ வரும். நம் ஆட்களுக்கு அது கசக்கும். பாதிக்குப் பாதி பால் கலந்த 'மேயா டி லெய்ட்' கேளுங்கள்.

கூடவே பஷ்டெல் டி நாட்டா. முட்டை மஞ்சள் கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த கஸ்டர்டை அடுக்கு மாவுக் கிண்ணத்தில் ஊற்றி, கடும் சூட்டில் சுடுகிறார்கள். மேலே ஆங்காங்கே கருகியிருக்க வேண்டும். வெறும் மஞ்சளாக இருந்தால் சூடு போதவில்லை. நேரம் ஆக ஆகக் கஸ்டர்டின் ஈரம் மாவில் இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். அதனால் கண்ணாடிப் பெட்டியில் காலையிலிருந்து கிடப்பதைத் தொடாதீர்கள். கமோயின்ஷ் சதுக்கத்தில் உள்ள மண்டெய்கரியா கடையில் புதுத் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் மணி அடிப்பார்கள்; அப்போது வாங்குங்கள். 1837 முதல் நடக்கும் பஷ்டெய்ஷ் டி பெலேம், ஜெரோனிமோஸ் மடத்துக்கு அருகில், 15இ டிராம் வழியில் இருக்கிறது. வாசலில் நீளும் வரிசை பெரும்பாலும் பார்சலுக்கானது. உள்ளே நீலநிற ஓடு பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, அங்கே இடம் சீக்கிரம் கிடைக்கும். மொறுமொறுப்பில் பெலேம் முந்துகிறது, கஸ்டர்டின் வழவழப்பில் மண்டெய்கரியா. பட்டைத்தூளை இரண்டிலும் தாராளமாகத் தூவிக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு 'டாஷ்கா' எனப்படும் சின்னக் கடைகள். வாசலில் தாளில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் அன்றைய சாப்பாடுதான் ('பிராட்டு டு டீயா') விலையிலும் ருசியிலும் சிறந்தது. 12.30க்கே போய்விடுங்கள், ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும், 3 மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். ஒரு 'டோஸ்' (முழு அளவு) பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும், தனியாளுக்கு 'மேயா டோஸ்' (அரை அளவு) போதும்.

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சீஸ் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். அது இலவசமில்லை. கேட்காததைத் தொடாமல் விட்டால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். வேண்டாமென்றால் வந்த உடனே திருப்பி அனுப்புங்கள், பிறகு பில்லில் வாதாட வேண்டியிருக்காது.

முதல் முறை போகிறவர்களுக்கு 'பக்கல்யாவ் ஆ பிராஷ்' சொல்வோம்: உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஊறவைத்து உதிர்த்து, வெங்காயம், குச்சி குச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டையோடு புரட்டியது. முட்டை ஈரமாக இருக்கும்போதே இறக்கினால்தான் ருசி. அதிக உப்புக் கரித்தால், மீனை ஊறவைத்த தண்ணீரைப் போதிய தடவை மாற்றவில்லை என்று அர்த்தம். முழு மீனுக்குப் பட்டியலில் கிலோ விலை போட்டிருந்தால், அடுப்பில் ஏற்றும் முன் எடையைக் கேட்டுவிடுங்கள். சுட்ட மத்தி மீனுக்குக் கோடைக்காலமே காலம். குளிர்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் உறைய வைத்தது.

சைவர்கள் கவனிக்க: 'கால்டு வெர்டே' கீரை சூப்பாகத் தெரிந்தாலும் அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். கோவா வழியாக வந்த 'ஷமூசா' நம் சமோசாவேதான், ஆனால் உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சியோ கோழியோ இருக்கும். ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தருவதில் 'பிஃபானா' பன்றி, 'பிரேகு' மாடு.

மாலையில் ரோஸ்ஸியு பக்கம், சாவ் டொமிங்கோஸ் சதுக்கத்தில் 1840 முதல் இருக்கும் ஜிஞ்ஜிஞ்யா கடை. புளிப்புச் செர்ரி ஊறிய இனிப்பு மது, சின்னக் கிளாஸில். பழத்தோடு வேண்டுமென்றால் 'கோம் எலாஷ்'. கொட்டை இருக்கும், கடிக்காதீர்கள். பீர் என்றால் 200 மில்லி 'இம்பெரியால்' எடுங்கள், பெரிய கிளாஸ் முடிவதற்குள் சூடாகிவிடும்.

பல டாஷ்காக்களுக்கு ஞாயிறு விடுமுறை. சில இடங்களில் உள்ளூர் வங்கி அட்டை மட்டுமே செல்லும் என்பதால் சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.