ஆன்-கிரிட்டா, ஹைபிரிடா, ஆஃப்-கிரிட்டா: சென்னை மொட்டைமாடிக்கு எது பொருந்தும்?

மொட்டைமாடியில் சோலார் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும் என்று நம்பிப் பணம் கட்டுபவர்கள் சென்னையில் ஏராளம். பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு மட்டும் இணையும் ஆன்-கிரிட் வகையில் அது நடக்காது. ஈ.பி. லைனில் மின்சாரம் நின்றதும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை விற்பனையாளர் சொல்லாமல் விட்டால், பிற்பாடு வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

அந்தக் குறையோடும், பணக் கணக்கில் ஆன்-கிரிட்தான் முன்னால் நிற்கிறது. 3 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் ஆறு, நிழல் விழாத 300 சதுர அடி இடம் வேண்டும். சராசரியாக நாளைக்கு 12 யூனிட், இரண்டு மாத பில் சுற்றில் 700 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது வெகுவாகக் குறையும். கோடையிலும் ஏமாற வேண்டாம்: பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடானால் உற்பத்தி பத்து சதவீதத்துக்கு மேல் சரியும்.

நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் பகுதிக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். ஈ.பி.யிடம் வாங்கியதிலிருந்து நீங்கள் லைனுக்கு அனுப்பியதைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் முதலில் வெட்டுவது இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான். ஆகவே இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு லாபம் கண்கூடு. 300 யூனிட்டிலேயே நிற்கும் வீடு அவசரப்பட வேண்டாம். முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம், மிச்சப்படும் தொகை சிறியது. ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு உண்டா என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

2024-இல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 என அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். ஈ.பி. லைனோடு இணைந்த அமைப்புக்கு மட்டுமே இது; பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். மானியம் வேலை முடிந்து மீட்டர் மாட்டிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முதலில் திரட்ட வேண்டியிருக்கும்.

ஆன்-கிரிட்டில் அடிக்கடி கெடுவது பேனல் இல்லை, இணைப்புதான். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி யு.பி.எஸ். இருந்தால் சோலார் லைன் அதற்கு முன்னால், மெயின் பக்கம் சேர வேண்டும். யு.பி.எஸ். வெளியீட்டுப் பக்கம் சேர்த்தால் மின்சாரம் திரும்பி ஏறி யு.பி.எஸ். எரியும். அடுக்குமாடியில் ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் இன்வெர்ட்டர் அதையே ஈ.பி. என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தை அதற்குள் தள்ளும் அபாயமும் உண்டு. ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவரில் சோலாரைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல வீடுகள் மதியம் ஏற்றுமதி செய்தால் லைன் கடைசியில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் அடிக்கடி டிரிப் ஆகும். நல்ல வெயிலில் உற்பத்தி திடீர் திடீரென்று பூஜ்யமானால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஈ.பி. லைனும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிடுக்கு வருவோம். 5 யூனிட் லித்தியம் பேட்டரியோடு போட்டால் கூடுதலாக ஒரு லட்சத்துக்குக் குறையாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் நான்கு, விளக்குகள், ஃபிரிட்ஜ், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரி 250 வாட். பதினாறு மணி நேரம் தாங்கும். அதே பேட்டரியில் ஒன்றரை டன் ஏ.சி. ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் காலி. 1 ஹெச்.பி. போர் மோட்டாரைப் பேக்அப் லைனில் சேர்க்காதீர்கள். கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுத்து இன்வெர்ட்டரையே நிறுத்திவிடும்.

சாதாரண நாளின் அரைமணி மின்வெட்டுக்காக இத்தனை செலவு வேண்டியதில்லை, பழைய யு.பி.எஸ். போதும். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்ந்த இடங்களிலும், ஆக்சிஜன் கருவி ஓட வேண்டிய வீடுகளிலும் ஹைபிரிடுக்கு என் ஓட்டு. பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் கார் நிறுத்துமிடத்தில் மாட்டிவிடாதீர்கள், வெள்ளத்தில் முதலில் போவது அவைதான்.

ஈ.பி. லைனே இல்லாமல் பேட்டரியை மட்டும் நம்பும் ஆஃப்-கிரிட் நகரத்துக்குப் பொருந்தாது. பேட்டரி நிரம்பியதும் மதிய வெயில் வீண், மானியமும் இல்லை. லைன் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு வேண்டுமானால் சரி.

எதைத் தேர்ந்தாலும் ஸ்டாண்டில் கஞ்சத்தனம் கூடாது. சென்னைக்குக் கணக்கிட வேண்டிய காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. ஒரு பேனலைத் தூக்கும் விசை சில நூறு கிலோ வரும். நம் மாடிகளில் ஓட்டுக்கடியில் மூன்று நான்கு அங்குல செங்கல் ஜல்லித் தளம் இருக்கும். போல்ட் அதோடு நின்றால் புயலில் பிடுங்கிக்கொள்ளும், கான்கிரீட் வரை இறங்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்காற்றுக்கு ஹாட்-டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) ஸ்டாண்டும் துரு எளிதில் பிடிக்காத 316 கிரேடு ஸ்டீல் போல்டும் கேளுங்கள். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசி படியும், கழுவத் தண்ணீர்க் குழாய் மாடியில் இருக்கட்டும்.

நாடு முழுக்கப் பார்த்தாலும் மதிய வெயில் வீணாகும் அதே சிக்கல்தான் பெரிய அளவில் நடக்கிறது. மதியம் சோலார் நிரம்பி வழிகிறது, மாலை ஆறு மணிக்கு மேல் அது இல்லை. அனல் நிலையங்களை மதியம் அணைத்து மாலையில் சட்டென்று ஏற்ற முடியாது. அதனால்தான் 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம், புதிய சோலார் டெண்டர்களில் நிறுவுதிறனில் 10 சதவீதத்துக்கு இரண்டு மணி நேர சேமிப்பையும் சேர்க்க அறிவுறுத்தியது. நெட் மீட்டர் வீடு இன்று ஈ.பி.யையே பேட்டரியாகப் பயன்படுத்துகிறது. இந்தச் சலுகை என்றைக்கும் இதே அளவில் நீடிக்கும் என்று எண்ணிப் பத்து வருடக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் பேட்டரி வாங்கும் உறுதி இருந்தால் மட்டும் இப்போதே ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்குங்கள், எந்தெந்த பேட்டரி மாடல் அதோடு பேசும் என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.