மரியா கிளீகல் வாசித்த ஷ்னிட்கே: அளந்து வாசிக்கப்பட்ட ஒரு பெருந்துயரம்

சோவியத் இசையமைப்பாளர் ஆல்ஃபிரெட் ஷ்னிட்கேயின் முதல் செல்லோ கான்செர்ட்டோவை (வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவைத் தனிக்குரலாக வைத்து இசைக்குழுவோடு வாசிக்கும் நீண்ட படைப்பு) ஜெர்மானியச் செல்லோ கலைஞர் மரியா கிளீகல் வாசித்த ஒலிப்பதிவு முதலில் மார்க்கோ போலோ என்ற இசைத்தட்டு வரிசையிலும், பின்னர் அதே குழுமத்தின் மலிவு விலை வரிசையான நாக்சோஸிலும் வெளிவந்தது. ஸார்ப்ரூக்கன் வானொலி சிம்ஃபனி இசைக்குழுவை கெர்ஹார்ட் மார்க்சன் நடத்துகிறார். வயலினுக்கும் செல்லோவுக்குமான ‘ஸ்டில்லே மூசிக்’ (அமைதியான இசை) என்ற சிறிய படைப்பும், ராய்முண்ட் ஹாவெனித் பியானோ வாசிக்க, செல்லோவும் பியானோவும் மட்டுமே பங்கேற்கும் செல்லோ சொனாட்டாவும் இதே இசைத்தட்டில் இடம்பெற்றுள்ளன. ஷ்னிட்கேயை இதுவரை கேட்டிராத ஒருவருக்கும் இந்தத் தட்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

கிளீகலின் இசை வாழ்க்கையை அறிந்தால் இந்த வாசிப்பின் இயல்பு தெளிவாகும். ஹெஸ்ஸன் மாநிலத்தின் டில்லன்பர்கில் 1952இல் பிறந்த அவர், அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் செல்லோ கலைஞர் யானோஷ் ஷ்டார்கரிடம் பயின்று, பிறகு அவருக்கே உதவியாளராகவும் இருந்தார். மேடையில் முகபாவமும் உடலசைவும் காட்டி உணர்ச்சியைப் பறைசாற்றுவதை ஷ்டார்கர் அறவே விரும்பாதவர். வில்லின் அழுத்தமும் வேகமும் எந்த இடத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவே இருக்க வேண்டும் என்பது அவர் வழி. 1981இல் பாரிஸில், ரஷ்யச் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சின் பெயரில் நடந்த போட்டியில் கிளீகல் முதற்பரிசு பெற்றார். அதற்குப் பின் உலக மேடைகளைச் சுற்றி வருவதோடு நின்றுவிடாமல், 1986 முதல் கொலோன் இசைக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். செல்லோ வாசிப்பு முறையைப் படிப்படியாக விளக்கும் நூலொன்றையும் காணொளித் தட்டுகளோடு ஷோட் பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். ஒருபுறம் உருகி வாசிக்கும் ரோஸ்ட்ரோபோவிச்சின் பெயரிலமைந்த பரிசு, மறுபுறம் உருகுதலைச் சந்தேகத்தோடு பார்த்த ஆசிரியர் என்ற இந்த இரட்டைப் பின்னணி அவருடைய வாசிப்பில் நன்றாகவே கேட்கிறது.

கான்செர்ட்டோ பிறந்த சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1985 ஜூலையில் ஷ்னிட்கேயைக் கடுமையான பக்கவாதம் தாக்கியது. மருத்துவர்கள் ஒருமுறைக்கு மேல் அவர் இறந்துவிட்டதாகவே கருதினர். அதற்கு முன்பே இந்தக் கான்செர்ட்டோவுக்காக அவர் குறிப்புகள் எழுதத் தொடங்கியிருந்தார். ஆனால் உயிர் பிழைத்து எழுந்தபோது அவை எதுவும் நினைவில் இல்லாததால், படைப்பைப் புதிதாகவே எழுதினார். மூன்று பகுதிகளோடு முடிப்பதாக இருந்த திட்டத்தில் எதிர்பாராமல் நான்காவது பகுதி வந்து சேர்ந்தது. மெதுவாக ஏறிச் செல்லும் அந்த இறுதிப் பகுதியில் செல்லோவின் ஒலியை மின்கருவியால் பெருக்கும்படி அவர் குறிப்பிட்டிருக்கிறார். அதுவரை பித்தளை ஊதுகருவிகளின் பாரத்தில் மூழ்கிக் கொண்டிருந்த ஒற்றைக் குரல் அங்கேதான் முழு இசைக்குழுவுக்கும் மேலே எழுகிறது. படைப்பு ரஷ்யச் செல்லோ கலைஞர் நதாலியா குட்மானுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவரே 1986இல் மியூனிக்கில் முதன்முதலாக அதை வாசித்தார்.

இப்படிப்பட்ட பின்கதை உள்ள படைப்பைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதல் பகுதியிலிருந்தே கதறத் தோன்றும். கிளீகல் அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. தொடக்கத்தில் அவருடைய ஒலி வறண்டும் அடங்கியும் ஒலிக்கிறது. தந்தியில் விரலை அசைத்து எழுப்பும் அதிர்வை (விப்ராட்டோ) வேண்டுமென்றே குறைத்து, தந்தியும் வில்லும் உராயும் ஓசையைக்கூட மறைக்காமல் விடுகிறார். இரண்டாம் பகுதியான நீண்ட லார்கோவில் (மிக மெதுவான நடை) ஒவ்வொரு இசைச் சொற்றொடரையும் சற்றே திறந்தபடி விட்டு அடுத்ததற்குக் கடக்கும் விதத்தில், மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் மூச்சின் அளவைக் கற்பித்தவரின் கை தெரிகிறது. மூன்றாம் பகுதியின் வேகத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மூர்க்கம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது; அங்கே ஒழுங்கு சற்று மிகுந்துவிடுகிறது. ஆனால் முன்பகுதிகளில் சேமித்து வைத்த அத்தனை பலமும் இறுதி லார்கோவில் வட்டியோடு திரும்பி வருகிறது. தம்முடைய கான்செர்ட்டோவுக்கு இதுவே அளவுகோலான பதிவு என ஷ்னிட்கே கருதினார் என்று கிளீகலின் அறிமுகக் குறிப்புகள் கூறுகின்றன. வாசித்தவர் தரப்பிலிருந்து வரும் சான்று என்றாலும், கேட்டபின் அதை மிகை என்று ஒதுக்க மனம் வரவில்லை.

சொனாட்டா 1978இல் எழுதப்பட்டது. இரண்டு மெதுவான பகுதிகளுக்கு நடுவே, நிற்காமல் ஓடும் ஒரு பிரெஸ்டோ (மிக வேகமான பகுதி) இருக்கிறது. அது தையல் இயந்திரத்தின் ஊசி போல இரக்கமின்றி இறங்கிக்கொண்டே போகிறது. கான்செர்ட்டோவில் நான் தேடிய மூர்க்கம் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. ஹாவெனித்தின் பியானோ எங்கும் பின்னணியாக ஒடுங்காமல் சமமாக எதிர்த்து நிற்பதும் இதற்கு ஒரு காரணம். ‘ஸ்டில்லே மூசிக்’ பெயருக்கேற்ப அடங்கிய ஒலியில் நகரும் படைப்பு. அதைத் தனியாக ஒருமுறை கேட்டால் போதும்.

ஒரு குறை உண்டு. அது எந்த ஒலிப்பதிவாலும் முழுமையாகத் தீர்க்க முடியாதது. அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு, நான்காம் பகுதியில் செல்லோ ஒலிபெருக்கி வழியே திடீரென வளர்வது உடலில் உணரக்கூடிய நிகழ்ச்சி. இசைத்தட்டிலோ முதல் நொடியிலிருந்தே ஒலிவாங்கி செல்லோவின் அருகில் இருப்பதால், அந்த மாற்றத்தின் அதிர்ச்சி பாதியாகக் குறைந்துவிடுகிறது. கிசுகிசுப்புக்கும் முழக்கத்துக்கும் இடையே இடைவெளி பெரிதாக இருப்பதால், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இதைக் கேட்பது வீண்; நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

புதியவர்கள் தட்டின் வரிசையைப் பின்பற்றாமல் சொனாட்டாவிலிருந்து தொடங்கி, மறுநாள் கான்செர்ட்டோவுக்கு வரலாம். ஷ்னிட்கேயின் கடுமை ஒத்துவராதவர்கள், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு கிளீகல் பதிவு செய்த த்வோர்ஷாக், எல்கர் கான்செர்ட்டோக்களின் தட்டை முதலில் வாங்குவது நல்லது. அதுவும் நாக்சோஸ் வரிசையிலேயே கிடைக்கிறது.