வலிக்கும் ரத்தப்போக்குக்கும் எது: திபெத்தின் துயிவெய்யா, யுன்னானின் சான்சியா?

அடிபட்ட வீக்கம், வலி, ரத்தக்கசிவு. இவற்றுக்கு சீனாவில் பேர் போன மூலிகைகள் இரண்டு. ஒன்று திபெத்திய வைத்தியர்கள் காலங்காலமாகக் கையாண்டு வரும் துயிவெய், இன்னொன்று யுன்னான் மாகாணத்து சான்சி.

துயிவெய் என்றால் சீன மொழியில் 'தனி ஒரு சரக்கு'. பெயருக்கேற்ப, அதன் காப்ஸ்யூலிலும் அந்த ஒரே மூலிகைதான். நம் துளசி, தும்பையின் குடும்பம். பார்த்தால் நம்ப மாட்டீர்கள், தண்டே எழும்பாது. 2,700 மீட்டருக்கு மேல், 4,500 மீட்டர் உயரம் வரை, காற்று அறையும் புல்வெளியிலும் சரளை மண்ணிலும் சுருக்கம் விழுந்த தடித்த இலைகள், பெரும்பாலும் நான்கே நான்கு, தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். நடுவில் ஊதாப் பூக்கொத்து.

சான்சி, ஜின்செங் என்ற சத்து மூலிகையின் இனம். யுன்னானின் வென்ஷான் பகுதியில் நிழல்பந்தல் போட்டு, மூன்று வருஷம் வளர்த்துக் கிழங்கு எடுப்பார்கள். சந்தையில் தரம் 'தலை' கணக்கு: 500 கிராமுக்கு 20 கிழங்கு நின்றால் 20 தலை. எண் குறையக் குறைய கிழங்கு பெரிது, விலையும் கூடும்.

ரத்தக்கசிவுக்கு என்றால் என் தேர்வு சான்சிதான். ரத்தத்தைக் கட்டும் டென்சிசின் என்ற வேதிப்பொருள் அதில் இருக்கிறது. அது சூடு தாங்காது. கசிவுக்கு வேகவைக்காத பொடி, உடம்பு தேற வேகவைத்தது என்ற பழைய வழக்கம் இதோடு அழகாகப் பொருந்துகிறது.

வலிக்கு துயிவெய். அதிலுள்ள இரிடாய்டு கிளைகோசைடுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் எலிகளுக்கு வலியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. சீனாவில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் கொடுக்கிறார்கள். ஆனால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையுமே தொடக் கூடாது.

சரி, எனக்கு உறுத்துவது வேறு. சான்சி வயலில் விளைகிறது. துயிவெய்யை மலையில் போய்த்தான் பறித்து வந்தார்கள், அதுவும் வேரோடு. பிடுங்கிய செடி அத்தோடு போச்சு. அந்தக் குளிரில் இன்னொன்று தலையெடுக்க வருஷக்கணக்காகும். இத்தனைக்கும், வேரில் இருக்கும் அதே கிளைகோசைடுகள் இலையிலும் இருக்கின்றன. சீன அரசின் மருந்துத் தரநூலும் 2010 பதிப்பில் மண்ணுக்கு மேலுள்ள பாகத்தையே மருந்தாக வைத்தது. துயிவெய் வாங்குகிறவர்கள் வேர் கேட்காதீர்கள், இலையே போதும்.