ஒரு கணினிக்கா, ஓர் ஆளுக்கா?

மேசையில் ஒரு கணினி, பையில் ஒரு லேப்டாப். இரண்டிலும் எக்செல் வேண்டும். எதை வாங்குவது?

எக்செல் அடங்கிய மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 2024-க்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். ஆனால் ஒரே கணினிக்குத்தான். லேப்டாப்பிலும் போட இன்னொரு உரிமம் வாங்க வேண்டும். எக்செல் உள்ள மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் சந்தாவோ ஆளைத்தான் பார்க்கிறது: உங்கள் கணக்கில் ஒரே சமயத்தில் 5 கருவிகளில் உள்நுழைந்திருக்கலாம். (நண்பருக்கும் அந்தக் கணக்கையே கொடுக்கலாமே என்று தோன்றும். கூடாது, அது ஒருவருக்கான உரிமம்.)

சந்தாவில் உறுத்துவது வேறு. கட்டணம் நின்று சந்தா முடிந்தபின், கணினியில் போட்ட எக்செலில் கோப்பைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம், அவ்வளவுதான். அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. ஆஃபீஸ் 2024-இல் அந்தத் தொல்லை இல்லை; பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் 2029 அக்டோபரில் நின்றுவிடும். லேப்டாப்பை எப்போதாவதுதான் திறப்பீர்கள் என்றால், சரி, 2024-ஐயே வாங்கிவிடுங்கள்.