ரெஃப்ரி ஷூவுக்கு டப்பா பாலிஷா, பாட்டிலா, ஸ்பாஞ்சா?

பாஸ்கெட்பால் ரெஃப்ரி கருப்பு பேண்ட், கருப்பு சாக்ஸ், கருப்பு ஷூ தான் போடணும்னு ஃபிபா (உலக பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) ரூல்லயே இருக்கு. ஆனா நம்ம ஊர்ல முக்கால்வாசி மேட்ச் சிமெண்ட் கோர்ட்ல நடக்குது, முதல் குவார்ட்டர் 10 நிமிஷம் முடியுறதுக்குள்ள ஷூ மூக்கு மாவு மில்லுக்குப் போய்ட்டு வந்த மாதிரி ஆயிடும். சிந்தெடிக் ஷூன்னா ஈரத்துணி போதும், இது லெதர் ஷூ போடுற ஆளுங்களுக்கு மட்டும்.

ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஆபீஸ் ஷூ சேருக்கு அடியில சும்மா கிடக்கும், நம்ம ஷூ ஓடும், திரும்பும், விரல் மடங்குற இடத்துல நூத்துக்கணக்கான தடவை மடங்கும், அதனால ஆபீஸ்காரர் சொல்ற பாலிஷ் நமக்கு செட் ஆகாது.

என் ஓட்டு டப்பாவுக்குத் தான், கிவியோ செர்ரி ப்ளாசமோ எதுனாலும் சரி. லேஸைக் கழட்டிட்டு முதல்ல காஞ்ச பிரஷ்ல தூசி தட்டணும், பல பேர் இதை விட்டுட்டு நேரா பாலிஷ் போட்டு மணலையே லெதர்ல தேய்ச்சு கீறல் போட்டுடுறாங்க. அப்புறம் ஈரத்துணி, நிழல்ல காய வைக்கிறது (வெயில்ல வச்சா தோல் வறண்டு போகும்), பழைய பனியன் துணியை விரல்ல சுத்தி லேசா ஒரு கோட், 10 நிமிஷம் விட்டுட்டு பிரஷ். மெழுகு தோல்ல பிடிக்கணும்னா அதோட கலந்திருக்கிற அந்த டர்பென்டைன் வாசனை சமாச்சாரம் ஆவியாகணும், அதுக்குத் தான் அந்த 10 நிமிஷம். கண்ணாடி மாதிரி வேணும்னா சொட்டுத் தண்ணி வச்சு மூக்குலயும் குதிகால் பக்கமும் மட்டும் மெல்லிசா கோட் மேல கோட் போடுங்க. நான் ஒரு தடவை ஆசைப்பட்டு முழு ஷூவுக்கும் போட்டேன், ஹாஃப் டைம்ல குனிஞ்சு பாத்தா மடிப்புல எல்லாம் காஞ்ச கம்மாய் மாதிரி வெடிச்சு வெள்ளை வெள்ளையா நிக்குது.

பாட்டில் பாலிஷ் ரெண்டு நிமிஷ வேலை, தேய்ஞ்சு நிறம் போன இடத்தை மூடவும் சோல் ஓரத்துக்கும் அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா மேல ஒரு படலமா தான் உக்காரும், வாரா வாரம் அது மேலயே போட்டா உரியும். சரியா காயலன்னா இன்னும் மோசம், அவசரத்துல தடவிட்டு போய் உக்காந்தேன், கமிட்டிக்காரங்க போட்ட வெள்ளை பிளாஸ்டிக் சேர் கால்ல நீளமா ஒரு கருப்புக் கோடு, மேட்ச் முடியுற வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பல.

இன்ஸ்டன்ட் ஸ்பாஞ்ச்ல இருக்கிறது சிலிகோன் எண்ணெய். ஹாஃப் டைம் 15 நிமிஷத்துல ஒரு இழுப்பு இழுத்தா பளபளன்னு ஆயிடும், தோலுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல, தூசி வேற வந்து ஒட்டும். தினமும் அதையே போட்டா அப்புறம் டப்பா பாலிஷ் சரியா பிடிக்காது. முக்கியமா அடி சோல்ல படவே கூடாது, இண்டோர் மர ஃப்ளோர்ல பிரேக் போட்டு நிக்க முடியாது, வழுக்கி விழுந்தா வீடியோ எடுக்க பத்து பேர் ரெடியா இருப்பான்.

அமெரிக்க ரெஃப்ரிங்க போட்டு பழக்கமான பேடன்ட் லெதர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த மூணுமே வேண்டாம். மேல பிளாஸ்டிக் மாதிரி பூச்சு இருக்கு, மெழுகு உள்ள இறங்காது, மங்கலா தான் ஆகும். ஈரத்துணியில துடைச்சு துளி வேஸ்லின் தேய்ச்சா முடிஞ்சுது. சோம்பேறிக்கு இதான் பெஸ்ட், ஆனா ஒரு கீறல் விழுந்தா எந்தப் பாலிஷும் மறைக்காது. நம்ம வெயில்ல ரெண்டு ஷூவும் பைக்குள்ள உரசிட்டு இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தனித்தனியா துணில சுத்துங்க, பேப்பர் வேண்டாம், தலைப்புச் செய்தி ஷூவுல ஏறிடும்.

பஸ் ஸ்டாண்ட் வாசல்ல உக்காந்திருக்கிற அண்ணன்கிட்ட கொடுத்தா நம்மளை விட நல்லாவே போடுவார், ஞாயித்துக்கிழமை காலை 6 மணி மேட்ச்சுக்கு அவர் இருக்க மாட்டார் அவ்வளவு தான். என் கிட் பேக்ல இப்ப இருக்கிறது ஒரு சின்ன பிரஷ், ஒரு பனியன் துணி. டப்பா வீட்டுல, முந்தின நாள் நைட்டே வேலை முடிஞ்சிடும். ஸ்பாஞ்ச் ஒண்ணு சைடு ஜிப்ல கிடக்குது, ஃபைனல் மேட்ச்சுக்கு மட்டும் வெளிய வரும்.