ஸ்காலர்ஷிப்ல இருக்கற ஷிப் எந்தக் கப்பல்? தங்கச்சிமடம் இங்கிலீஷ் டியூஷன், மூணு மாசம் போன அனுபவம்

பாம்பன்ல இருந்து எழுதறேன். பொண்ணு பிளஸ் ஒன், பயாலஜி குரூப். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சுட்டு இப்ப நீட்டுக்காக இங்கிலீஷ் புக்க கையில எடுத்திருக்கா, ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள பதினஞ்சு வார்த்தைக்கு அடிக்கோடு போட்டுட்டு அழுகாத குறையா உக்காந்திருப்பா. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தங்கச்சிமடத்துல இந்த டீச்சர்கிட்ட சேத்தேன். சின்னப் பிள்ளைய தனியா பஸ்ல அனுப்ப மனசு வராம கூடப் போனவ, வாசல்ல சும்மா உக்காந்திருக்கறதுக்கு உள்ள வந்து உக்காருங்கன்னு டீச்சர் சொன்னதால நானும் சேந்துட்டேன். நான் ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதறவ, பன்னண்டாவதோட நிறுத்துனது. எங்க தீவுல இங்கிலீஷ் டியூஷன் தேடிட்டு என்ன மாதிரி எத்தன பேர் முழிச்சுட்டு இருக்காங்கன்னு தெரியும், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் இல்ல, மொதல்லயே சொல்லிடறேன். வார்த்தையோட வால் என்ன சொல்லுதுன்னு சொல்லிக்குடுக்கற கிளாஸ். சனி ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பிச்சு ஆறரை வரைக்கும், மாசம் 500 ரூபா, அம்மாவும் பிள்ளையும் சேந்து வந்தா 700. வாரத்துக்கு ஒரு கடைசிச் சத்தம், அவ்வளவுதான் பாடம். டீச்சர் பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு சயின்ஸ் எடுத்து ரிடையர் ஆனவங்க, அதான் இந்த கிளாஸோட பலமே, ஏன்னு கீழ வரும்.

மொத நாள் ஒரு ஆறாங்கிளாஸ் பையன் எந்திரிச்சு, டீச்சர் ஸ்காலர்ஷிப்ல வர்ற ஷிப் எந்தக் கப்பல்னு கேட்டான். போட்டுக்கு நடுவுல பொறந்து வளந்த பிள்ளை வேற எப்படிக் கேக்கும். டீச்சர் அவனத் தட்டிக்கொடுத்துட்டு சொன்னாங்க, கப்பல் ஷிப் வேற, இந்த ஷிப் வேற, பழைய இங்கிலீஷ்ல ரெண்டும் தனித்தனி வார்த்தையா இருந்து பின்னால ஒரே சத்தமா ஆயிடுச்சு, இந்த வால் ஷிப்பு ஷேப்ங்கற வார்த்தைக்குத்தான் சொந்தம், ஒரு நிலைமைய, தன்மையச் சொல்லும். லீடர் தலைவர், லீடர்ஷிப் தலைமை. ஓனர் உரியவர், ஓனர்ஷிப் உரிமை. நம்ம தமிழ்ல 'மை' என்ன வேலை செய்யுதோ அத அங்க ஷிப் செய்யுது. அந்தப் பையன் நோட்டுல ஷிப்புக்கு நேரா ஒரு கப்பல் வரஞ்சு அடிச்சுட்டுப் பக்கத்துல 'மை'ன்னு எழுதிக்கிட்டான், நான் பாத்தேன்.

அன்னைக்கே போர்டுல ரெண்டு கட்டம் போட்டாங்க, மூணு மாசமா அதேதான் ஓடுது. ஒண்ணு 'சொந்தம்', இன்னொண்ணு 'சத்தம் மட்டும்'. தமிழ் செய்யுள்ல அடி முடியற எடத்துல ஒரே மாதிரி சத்தம் வந்தா இயைபுன்னு படிச்சிருக்கோம்ல, இயைபு காதுக்கு, விகுதி அர்த்தத்துக்கு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. மோஷன், லோஷன், ஓஷன் மூணும் காதுல ஒண்ணுதான். மோஷன்னா அசையற வேலை, லோஷன் லத்தீன்ல கழுவறதுங்கற வார்த்தையில இருந்து வந்தது, அது ரெண்டுக்கும் ஒரே வால். ஓஷன் கிரேக்கத்துல இருந்து வந்த முழுப் பேரு, அதுல வாலே இல்ல. அதனால ஓஷன் 'சத்தம் மட்டும்' கட்டத்துக்குப் போயிடுச்சு.

எனக்கு மனசு நெறஞ்ச வாரம்னா அது பாட் வாரம்தான். பொண்ணு பயந்துட்டு இருந்த பாடமே அது, அனிமல் கிங்டம். டீச்சர் புக்கையே தொறக்கல, கடல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. பாட்னா கிரேக்கத்துல கால். ஆர்த்ரோன்னா கணு, ஆர்த்ரோபாட் கணுக்காலி, நண்டு இறால் எல்லாம் அதுல வரும். டெக்கான்னா பத்து, நண்டுக்கும் இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் பத்து கால்ங்கறதால அதுங்க டெக்காபாட். கெஃபலேன்னா தலை, செஃபலோபாட்னா தலையிலேயே கால் மொளச்சது, எது சொல்லுங்கன்னாங்க, பின்னாடி உக்காந்திருந்த ஒரு அண்ணன் கணவாய்னு கத்துனாரு. காஸ்ட்ரோன்னா வயிறு, வயித்தாலேயே நடக்கறது காஸ்ட்ரோபாட், நம்ம சங்கு. என் பொண்ணு தமிழ் மீடியத்துல கணுக்காலின்னு படிச்சவதான், ஆனா அந்தக் 'காலி'யும் இந்த 'பாட்'டும் ஒரே காலுன்னு அன்னைக்குத்தான் அவளுக்கு விளங்குச்சு, பஸ்ஸுல வர்றப்ப ட்ரைபாட் ட்ரைபாட்னு சொல்லிட்டே வந்தா, கேமரா ஸ்டாண்டுக்கு மூணு கால் அதான் ட்ரைபாட்னு.

அதே வாரம் 'சத்தம் மட்டும்' கட்டத்துலயும் ஒண்ணு விழுந்துச்சு. ஓங்கில் கூட்டமா வரும்ல, டால்ஃபின், அந்தக் கூட்டத்துக்கு இங்கிலீஷ்ல பாட்னுதான் பேரு. அதுக்கும் காலுக்கும் சம்பந்தமே கிடையாது.

அடுத்த வாரம் டெர்ம். டெர்மான்னா தோல், எக்கினோன்னா முள்ளு, எக்கினோடெர்ம் முட்தோலி. நட்சத்திர மீனு, கடல் அட்டை எல்லாம் அதுல வரும். பேர்ல அட்டைன்னு இருக்கறதால நான் இத்தன வருஷம் அதையும் அட்டைப்பூச்சி ஜாதின்னுதான் நெனச்சுட்டு இருந்தேன், நம்ம தமிழ்ப் பேர்லயும் 'சத்தம் மட்டும்' உண்டுன்னு டீச்சர் சொன்னாங்க. 2001ல இருந்து அதப் புடிக்கத் தடை இருக்கறது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அது எந்த வகுப்பு உயிர்னு எனக்கு இப்பதான் தெரியுது.

வோர்னா திங்கறது, நம்ம 'உண்ணி'. கார்னிவோர் ஊனுண்ணி, ஹெர்பிவோர் தாவர உண்ணி. இதுக்கு டீச்சர் மாடு ஆடெல்லாம் சொல்லல, ஆவுளியாவச் சொன்னாங்க. கடல்பசுன்னு பேப்பர்ல போடுவாங்களே அதான், கடல் புல்ல மேயற ஹெர்பிவோர், அதுக்காகத்தான் 2022ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூர் புதுக்கோட்டைப் பக்கம் 448 சதுர கிலோமீட்டர பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. எங்க வீட்டுக்காரரு வலையில ஒரு தடவ ஒரு ஆவுளியா மாட்டி, அவரு வலைய அறுத்து அத விட்ட கதைய நான் கிளாஸ்ல எந்திரிச்சு சொன்னேன், நாப்பது வயசுல கிளாஸ்ல எந்திரிச்சுப் பேசுனது எனக்கே புதுசு.

மீட்டர் 'மானி', ஸ்கோப் 'நோக்கி', லஜி 'இயல்', கிரசி 'ஆட்சி'. இதெல்லாம் வேகமாப் போயிடுச்சு, சொல்லவும் பெருசா ஒண்ணுமில்ல. லஜி வாரம் மட்டும் எனக்குக் குறைதான். ஒரே மூச்சுல நாப்பது வார்த்தைய எழுதிப் போட்டுட்டாங்க, பாதிக்கு அர்த்தமே சொல்ல நேரமில்ல. இக்தியாலஜின்னா மீனியல், மண்டபத்துல இருக்கற கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல நடக்கற வேலைன்னு சொன்னது மட்டும் நெனவிருக்கு. அபாலஜின்னா மன்னிப்பியலான்னு ஒரு பிள்ளை கேட்டதுக்கு, லோகாஸ்னா பேச்சுன்னும் அர்த்தம், அபாலஜி மொதல்ல தன் பக்க நியாயத்தப் பேசறதா இருந்து பின்னால மன்னிப்பா ஆச்சுன்னு அழகா விளக்குனாங்க, அந்த மாதிரி பத்து வார்த்தை போதும், நாப்பது வேணாம்.

சைட் வாரம் மறக்க முடியாது. 'கொல்லி'ன்னு ஆரம்பிச்சாங்க, பெஸ்டிசைட் பூச்சிக்கொல்லி, ஜெர்மிசைட் கிருமிக்கொல்லி. டிசைட்ங்கற வார்த்தையும் இதே குடும்பம்தான், லத்தீன்ல வெட்டறதுக்கும் கொல்றதுக்கும் ஒரே வேர், டிசைட்னா மத்த வழியெல்லாம் வெட்டிப் போட்டுட்டு ஒண்ண எடுத்துக்கறது. முடிவெடுத்தேன்னு நாம சொல்றதுக்குள்ள ஒரு வெட்டு இருக்குன்னு கேட்டதும் எனக்கு மேலெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோயின்சைட் மட்டும் வேற, அது விழறதுங்கற வேர்ல இருந்து வர்றது. அப்புறம் ஜெனோசைட். அந்த வார்த்தை 1944 வரைக்கும் இங்கிலீஷ்லயே கிடையாதாம், ரஃபேல் லெம்கின்னு போலந்து யூத வக்கீல் ஒருத்தர் கிரேக்கத்துல இருந்து இனம்ங்கற வார்த்தையயும் லத்தீன்ல இருந்து இந்தக் கொல்லியயும் எடுத்து ஒட்டவச்சிருக்காரு, நடந்துட்டு இருந்த கொடுமைக்குப் பேரு இல்லாமப் போச்சேன்னு. இலங்கைத் தமிழ் அகதிங்க இருக்கற மண்டபம் முகாம்ல இருந்து ஒரு அண்ணன் கிளாஸுக்கு வர்றாரு, அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, டீச்சரும் போர்ட அழிக்காம கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க, யாரும் ஒண்ணும் பேசல.

இப்ப நான் இந்த கிளாஸுக்கு ஏன் இவ்வளவு கடமைப்பட்டிருக்கேன்னு சொல்றேன். எங்க மாமியாருக்குப் போன வருஷம் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடந்துச்சு. சின்ன ஆபரேஷன்தாம்மா, மூணு ஓட்டை போட்டுப் பண்ணிடுவோம்னாங்க, கல்லு எடுத்தாச்சுன்னாங்க, கையெழுத்துப் போட்டோம், அஞ்சாம் நாளு கூட்டிட்டு வந்துட்டோம். ஃபைல்ல பெருசா ஒரு வார்த்தை, லேப்ரஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமின்னு. யாரும் படிச்சுச் சொல்லல, நாங்களும் கேக்கல. கல்ல மட்டும்தான் எடுத்தாங்கன்னு ஒரு வருஷமா நெனச்சுட்டு இருந்தோம், மறுபடி கல்லு வந்துடுமோன்னு அத்தை தக்காளிய ஒதுக்கி கீரைய ஒதுக்கி பயந்து பயந்து சாப்புட்டாங்க.

டாமி வாரத்துல டீச்சர் மூணு வார்த்தைய போர்டுல கீழ கீழ எழுதுனாங்க. டாமின்னா வெட்டறது. ஆ-டாம், வெட்ட முடியாதது, ஆட்டம், அணு. அனாடமி, வெட்டிப் பாத்துக் கத்துக்கிட்டது. ஆஸ்டமின்னா வாய் வைக்கறது, ட்ரெக்கியாஸ்டமின்னா மூச்சுக்குழாய்ல வழி போடறது. எக்டமின்னா வெட்டி வெளிய எடுத்துடறது. டான்சிலைட்டிஸ்னா டான்சில்ல வீக்கம், டான்சிலெக்டமின்னா டான்சிலையே எடுத்தாச்சு, ஐட்டிஸும் எக்டமியும் மாத்திப் படிச்சா நோயும் ஆபரேஷனும் மாறிப்போயிடும்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே நெஞ்சுக்குள்ள அடிச்சுக்கிச்சு. அடுத்த நாளு ஃபைலத் தூக்கிட்டுப் போயிட்டேன். டீச்சர் அந்த வார்த்தைய மூணாப் பிரிச்சாங்க. கோலி, பித்தம். சிஸ்ட், பை. எக்டமி, எடுத்துட்டாங்க. பித்தப்பைன்னு நாம தமிழ்ல எப்படி ஒட்டவச்சிருக்கோமோ அச்சா அப்படியே கிரேக்கத்துலயும் ஒட்டவச்சிருக்காங்க. பையையே எடுத்திருக்காங்க, கல்லு மட்டும் இல்ல. ராத்திரி அத்தைகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் வயித்தத் தடவிப் பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் இத ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லலன்னு கேட்டாங்க. அடுத்த வாரமே எங்க ஊரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி என்னென்ன சாப்புடலாம்னு நேராக் கேட்டுட்டு வந்தோம், இப்ப தக்காளி ரசம் வைக்கச் சொல்லி அவங்களே கேக்கறாங்க.

குறைகளும் சொல்லணும். மாடி ரூம், மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, ஏப்ரல் மேயில உக்கார முடியல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் போட்டெல்லாம் கரையில கெடக்கறதால ஆம்பளைங்களும் வந்து சேந்துட்டாங்க, சந்தோஷம்தான், ஆனா இருபது பேரு உக்கார்ற எடத்துல முப்பத்தஞ்சு பேரு, பின்னாடி இருக்கறவங்களுக்கு போர்டு தெரியல. ஜெராக்ஸ் நோட்ஸ்ல ஸ்பெல்லிங் தப்பு இருக்கு, டான்சிலைட்டிஸ்ல ஒரு எல் விட்டுப்போயிருந்துச்சு, பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்க டிக்‌ஷனரியில ஒரு தடவ சரிபாத்துக்கங்க. உச்சரிப்பு பக்கம் டீச்சர் அவ்வளவா கவனம் செலுத்தல. தெர்மாமீட்டர்ல 'மா' மேல அழுத்தணும், சென்டிமீட்டர்ல 'சென்' மேல அழுத்தணும்னு என் பொண்ணு போன்ல கேட்டுத்தான் கத்துக்கிட்டா.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ராமநாதபுரத்துல ஒரு பெரிய கோச்சிங் சென்டர்ல எட்டாயிரம் கட்டி இதே பிள்ளைய விட்டேன், தினம் 20 வார்த்தை மனப்பாடம், எழுதாட்டி இம்போசிஷன், மூணாவது மாசம் எல்லாத்தையும் மறந்துட்டா. அந்தக் காசு நாங்க ஐஸ்ல நின்னு சம்பாதிச்சது, அதனால இன்னும் வலிக்குது. இங்க மனப்பாடமே கேக்கறதில்ல. தெரியாத வார்த்தை வந்தா மொதல்ல வாலப் பாரு, தமிழ்ல அதுக்கு என்ன வால் இருக்குன்னு யோசி, அப்புறம் 'சொந்தமா' 'சத்தம் மட்டுமா'ன்னு டிக்‌ஷனரியில பாத்து உறுதி பண்ணிக்கன்னு சொல்றாங்க. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், பாக்காம ஊகிச்சா அபாலஜி மாதிரி மாட்டிக்குவோம். ஹைட்ரோஃபோபியா இன்னொரு உதாரணம். ஃபோபியான்னா பயம், ஹைட்ரோன்னா தண்ணி, ஆனா டாக்டர் அந்த வார்த்தையச் சொன்னா அது வெறிநாய்க்கடி நோயோட அறிகுறி, அந்த நோய்க்கே அப்படி ஒரு பேரும் உண்டு, தண்ணி குடிக்கப் போனாலே தொண்டை இழுத்துக்கும். கெமிஸ்ட்ரி புக்குல ஹைட்ரோஃபோபிக்னு வந்தா தண்ணி ஒட்டாததுன்னு மட்டும்தான் அர்த்தம்.

யாருக்கு உதவும்னா, தமிழ் மீடியத்துல படிச்சுட்டு இங்கிலீஷ்ல சயின்ஸ் படிக்கப் போற பிள்ளைங்க, நர்சிங் ஃபார்மசி சேரப்போறவங்க, வீட்டுல ஆஸ்பத்திரி ஃபைல் வச்சிருக்கறவங்க. இன்டர்வியூக்கு இங்கிலீஷ்ல பேசணும்னு வர்றவங்களுக்கு இது சரியா வராது, அவங்களுக்கு வேற எடம் பாருங்க. டீச்சர் பேரும் நம்பரும் இங்க போடல, அவங்க விரும்பல, தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்புல எறங்கி சனிக்கிழமை இங்கிலீஷ் டீச்சர்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. அஞ்சுக்கு கொஞ்சம் முன்னாடியே போயி முன் வரிசையில உக்காந்துக்கங்க, கூட ஒரு விசிறி எடுத்துட்டுப் போங்க.