ஏற்காடு ஏரி: தண்ணீரைச் சோதிப்பதா, மீனையா?

காப்பிச் செடியின் தண்டுத் துளைப்பானுக்கு நம் நாட்டில் ஒரு காலத்தில் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். அதன் மிச்சத்தை ஏற்காடு ஏரியில் தேடும் பல்கலைக்கழக மாணவர் எதை எடுக்கலாம்?

தண்ணீர் எடுப்பது எளிது. ஒரு மழை பெய்தால் கணக்கே மாறிவிடும். லிண்டேன், டிடிடி போன்ற நஞ்சுகள் நீரில் கரைய மறுத்து, கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மீனோ, மாதக்கணக்கில் தின்றதையெல்லாம் உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. விரலளவு சதையை அரைத்துக் கொழுப்பைப் பிரித்தால், டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ கூட அகப்படும். பறவை முட்டை ஓட்டை மெலியச் செய்வது அதுதான். வேலை அதிகம், உயிர் ஒன்றும் போகிறது. ஆனாலும் மீனையே எடுக்கச் சொல்வேன்.

தேடுவது பிஎஃப்ஏஎஸ் (ஒட்டாத பூச்சு போன்றவற்றில் வரும், எளிதில் சிதையாத ஃப்ளூரின் வேதிப்பொருள்கள்) என்றால் தண்ணீரையும் விடக்கூடாது. அவற்றில் பல நீரோடு நெடுந்தூரம் போகும். மாதிரி எடுக்கும் புட்டிக்கு டெஃப்லான் பூசிய மூடி மட்டும் ஆகாது, அதுவே மாதிரியைக் கெடுத்துவிடும்.